அணாக் கணக்கும் சின்னக் கணிப்பொறியும்

பெரிய கணிப்பொறிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சின்னக் கணிப்பொறிகளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். மின்சார மீட்டர், நடத்துனர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷின், வீட்டுச் சலவை இயந்திரம் ஆகியவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் சில்லுகள் அவை. அவற்றுக்கு வேகம் குறைவு, நினைவகம் குறைவு, பல சமயம் மின்சாரமும் குறைவு. அந்த வறுமைக்குள் மென்பொருளைச் சுறுசுறுப்பாக ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. அதில் பாதிப் பாடத்தைக் கோலார் தங்கவயலில் என் வீட்டுத் திண்ணையில்தான் கற்றேன்.

எங்கள் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. எங்கள் லைன் வீடுகளில் அன்று அடுப்பெரியாத வீடுகள் பல. அதே ஆண்டு ஏப்ரலில், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணிப்பொறியை அறிமுகம் செய்தார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து, சாதாரண மக்களுக்காக உருவாக்கியது அது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அதைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு, இதுதான் என் வழி என்று முடிவு செய்தேன்.

சிம்ப்யூட்டரின் இதயம் 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங் ஆர்ம் சில்லு. தசம எண்களைக் கணக்கிடும் தனி உறுப்பு அதில் கிடையாது. ஆனாலும் இந்திய மொழி எழுத்துகளை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருள் அதில் ஓடியது. விற்பனையில் அது எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை என்பது உண்மை. ஆனால் சிறிய சில்லிலும் பெரிய வேலை நடக்கும் என்பதை எங்களைப் போன்றவர்களுக்குக் காட்டியது.

தனி உறுப்பு இல்லாத சில்லில் 3.3125 போன்ற எண்ணைத் தசமமாகவே கூட்டச் சொன்னால், ஒரே கூட்டலுக்குப் பல கட்டளைகளை அது ஓட்ட வேண்டியிருக்கும். இதற்கு வழி நம் தாத்தாக்களின் அணாக் கணக்கு. 1957க்கு முன் ரூபாய்க்கு 16 அணா. 3 ரூபாய் 5 அணாவை மொத்தம் 53 அணா என்று வைத்துக்கொண்டால் எல்லாம் முழு எண். கூட்டலும் கழித்தலும் சுலபம். மேலே சொன்ன 3.3125 என்பதும் இதே 53 அணாதான். கடைசியில் ரூபாயாக்க 16ஆல் வகுத்தால் போதும். பத்தால் வகுக்க நாம் கடைசி இலக்கத்தைத் தள்ளுவது போல, 16ஆல் வகுக்கக் கணிப்பொறி நான்கு இலக்கங்களைத் தள்ளிவிடும். 16 என்பது நான்கு இரண்டுகளின் பெருக்கல் அல்லவா! எத்தனை நுணுக்கம் தேவை, எண் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இது தெரிந்திருந்தும் முதல் வேலையிலேயே நான் சறுக்கினேன். குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி அது. பொத்தானை அழுத்தினால் பதில் வர மூன்று விநாடி ஆகும். பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காது. திரைதான் தாமதத்துக்குக் காரணம் என்று நானே ஊகித்து, இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திருப்பி எழுதினேன். ஒரு பயனும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தோடு மாரிகுப்பம் ரயிலில் வீடு திரும்பினேன்.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாம்பிள் எடுத்துச் சோதிச்சுப் பாக்காம யாருடா கல்ல உடைப்பாங்க? எந்தப் பக்கம் பொன்னு ஓடுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் அந்தப் பக்கம் குடைவோம்."

மறுநாள் சோதித்தேன். மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது சில்லின் ஒரு காலில் மின்சாரத்தை ஏற்றி, முடியும்போது இறக்கி, ஆசிலோஸ்கோப்பில் நேரத்தை அளந்தேன். குற்றவாளி திரை அல்ல. உணர்கருவி தரும் எண்ணை வெப்பநிலையாக மாற்றும் மடக்கைக் கணக்கு. விடைகளை முன்பே கணக்கிட்டு ஒரு வாய்ப்பாடாக நினைவகத்தில் வைத்தேன். பதில் உடனே வந்தது.

பேட்டரிக்கும் சுரங்கத்திலேயே விடை இருந்தது. கூண்டை இழுக்கும் இயந்திரக்காரர், கீழே ஆள் ஏறிவிட்டாரா என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை. கீழிருந்து மணி அடித்தால் இழுப்பார். என் மென்பொருளோ பொத்தானை அழுத்தினார்களா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூங்க வைத்து, பொத்தானையே மணியாக்கினேன். பேட்டரி மாதக்கணக்கில் உழைத்தது. வேலையும் நிலைத்தது.

இன்னொன்றும் உண்டு. 3 கிலோமீட்டர் ஆழத்தில் வேலை செய்பவர் ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஏறி வரமாட்டார். வேண்டியதை மொத்தமாக எடுத்துக்கொண்டுதான் இறங்குவார். சில்லுக்குள்ளும் அப்படித்தான். அருகிலுள்ள சிறு நினைவகம் வேகமானது, தொலைவிலுள்ள பெரிய நினைவகம் மெதுவானது. சேர்ந்து தேவைப்படும் விவரங்களை அடுத்தடுத்து வைத்தால் பயணம் மிச்சம்.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் பிள்ளைகள் புதிய கணிப்பொறி கேட்கிறார்கள். வாங்கித் தர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கிலோபைட் நினைவகம். இந்தக் கட்டுரை முழுவதையும் அதில் அடக்க முடியாது! அதில் ஒரு விளக்கை எரிய வைத்து, ஒரு வெப்பமானியைச் செய்து பார்க்கும் பிள்ளைக்கு, முதலில் அளந்து பார்க்கும் பழக்கமும் வீணாக்காத பழக்கமும் தாமாகவே வந்துவிடும்.

அப்பா இன்று இல்லை. அவர் எந்தக் கணிப்பொறியையும் தொட்டதில்லை. ஆனாலும் மெதுவாக ஓடும் மென்பொருள் ஒன்று என் மேசைக்கு வரும்போதெல்லாம், கைவைக்கும் முன் அவர் குரல்தான் கேட்கிறது: "முதல்ல சாம்பிள் எடு."