கறவையைக் காப்பது கன்று!

கோலார் மாவட்டச் சிறு மாட்டுப் பண்ணைகளில் ஒரு நாள் வாழ்க்கை

பங்காருபேட்டை:

பெங்களூரில் பொழுது விடியுமுன்பே வீட்டு வாசலில் பால் பாக்கெட் வந்து விழுந்துவிடுகிறது. காபியைக் குடித்துவிட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் ஓடுகிறவர்களுக்கு, அந்தப் பால் எந்த ஊரில், யார் கையால் கறக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்க நேரம் ஏது?

அந்தப் பாலில் ஒரு பகுதி கோலார் மாவட்டத்திலிருந்து வருவதாகும். பட்டு, பால், தங்கம் ஆகிய மூன்றுக்கும் பெயர் பெற்ற மாவட்டம் இது. தங்கச் சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. சுரங்கத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் இன்று மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். தங்கம் போயிற்று, பட்டும் பாலும் மிஞ்சியிருக்கின்றன.

சுற்று வட்டாரக் கிராமங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழி பேசும் வீடானாலும், இரண்டு முதல் ஐந்து கறவை மாடுகள் கட்டியிருக்கும் வீடுகள் ஏராளம். ஆண்கள் ரயிலுக்குப் போய்விட்டால், பண்ணை முழுவதும் பெண்களின் பொறுப்புதான்.

ஓய்வு இல்லாத வேலை

மாடு வளர்ப்பில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பண்டிகை கிடையாது. விடியற்காலை 4½ மணிக்கு எழுந்து சாணம் அள்ளி, கொட்டகையைக் கழுவி, மடியைத் துடைத்துக் கறக்க உட்கார வேண்டும். மடியைத் தொட்டுத் தடவியதும் மாடு பால் சுரக்க விடுகிறது. அந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குத்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்காவிட்டால் மிச்சப் பால் மடியிலேயே தங்கிவிடும். பால் தங்கினால் மடிநோய்க்கு வழி பிறக்கும்.

கறந்த பால் உடனே ஊர்ப் பால் சங்கத்துக்குப் போக வேண்டும். மக்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'டெய்ரி'. அங்கே கருவியில் பாலைச் சோதித்து, கொழுப்புச் சத்து எவ்வளவு, மற்றத் திடச் சத்து எவ்வளவு என்று பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். பசும்பாலில் கொழுப்பு 3.5 சதவீதமும் மற்றத் திடச் சத்து 8.5 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சங்கம் கொடுக்கும் விலையோடு, லிட்டருக்கு 5 ரூபாய் ஊக்கத் தொகையை 2016-ல் கர்நாடக அரசு அறிவித்தது.

பிறகு புல் அறுப்பது, தட்டை நறுக்குவது, புண்ணாக்கு ஊற வைப்பது, தண்ணீர் காட்டுவது. மாலையில் மறுபடியும் கறவை, மறுபடியும் டெய்ரி. உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றால் வீட்டில் ஒருவர்தான் போக முடியும்; மற்றொருவர் மாட்டோடு இருக்க வேண்டும்.

இத்தனை உழைப்பிலும் கண் எல்லாம் பால் கேன் மேலேயே இருக்கும். கொட்டகையின் மூலையில் கட்டியிருக்கும் கன்றை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பல சிறு பண்ணைகள் நொடித்துப் போவதற்கு அந்த மூலையிலேயே காரணம் இருக்கிறது.

சீம்பால் யாருக்கு?

கன்று ஈன்றதும் கறக்கும் முதல் பால் சீம்பால். அதில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அவித்துப் பலகாரம் செய்வது கர்நாடகத்தில் பெரிய விருந்து. கன்னடத்தில் அதற்கு 'கிண்ணு' என்று பெயர். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவது வழக்கம்.

ஆனால், அந்தப் பாலுக்கு முதல் உரிமைக்காரர் வேறு ஒருவர் இருக்கிறார்.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புச் சக்தியை ஓரளவு பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பசுவின் கன்றுக்கு அந்த வசதி இல்லை. சீம்பால் மூலமாக மட்டுமே தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி அதற்குக் கிடைக்கும். அந்தச் சக்தியைக் கன்றின் குடல் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக இழுத்துக்கொள்ளும். நேரம் ஆக ஆக அது குறைந்துகொண்டே வரும். 24 மணி நேரம் கழிந்துவிட்டால் கதவு அடைபட்டது போல்தான். அதற்குப் பிறகு குடம் குடமாகக் குடித்தாலும் அது வெறும் உணவு.

எனவே பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கொடுத்தாக வேண்டும். முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், பல தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

'நஞ்சு விழும் வரை கன்றை ஊட்ட விடக் கூடாது' என்று பெரியவர்கள் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கும் உண்டு. நஞ்சுக்கொடி விழ எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கன்று பட்டினி கிடந்தால் பொன்னான நேரம் போய்விடுகிறது. உண்மையில் கன்று முட்டிக் குடிப்பதே நஞ்சு விழுவதற்கு உதவி செய்யும்.

நல்ல கலப்பினப் பசு முதல் நாட்களில் கன்று குடிக்கக்கூடியதைவிட அதிகமாகவே சீம்பால் சுரக்கும். டெய்ரியிலும் அதை வாங்குவதில்லை. கன்றுக்குப் போக மீதியில் தாராளமாகக் கிண்ணு செய்து சாப்பிடலாம். யார் முதலில் என்பதுதான் கேள்வி.

தொப்புளும் புழுவும்

கன்று பிறந்ததும் தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரித்து, டிங்சர் அயோடின் தடவ வேண்டும். பத்து பைசா செலவுக்குச் சமமான இந்த வேலையைச் செய்யாததால், தொப்புள் வழியே கிருமி புகுந்து மூட்டு வீங்கிச் செத்துப்போகும் கன்றுகள் உண்டு.

பத்தாம் நாள் அளவில் குடற்புழு மருந்து. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. வயிறு பானை போல் உப்பி, மயிர் சிலிர்த்து நிற்கும் கன்றைப் பார்த்து, 'நன்றாகத் தின்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது' என்று சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள். அது புழுவின் வயிறு.

வெள்ளைக் கழிச்சல் கண்ட கன்றுக்குத் தண்ணீர் கொடுக்காமல் கட்டிப் போடுவது இன்னொரு தவறு. கழிச்சலில் கன்று சாவதற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதே. குழந்தைக்குக் கொடுப்பது போலவே உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு பால் தேவையில்லை. ஆனால், இரண்டாவது வாரத்திலேயே கன்றுத் தீவனமும் இளம் புல்லும் முன்னால் வைத்துப் பழக்க வேண்டும். பிறக்கும்போது அசை போடும் பெரிய வயிறு மிகச் சிறியதாக இருக்கும். தின்னத் தின்னத்தான் அது வளரும்.

30 கிலோவிலிருந்து 250 கிலோ

இனி, கணக்குக்கு வருவோம். கணக்கு எழுதிப் பிழைக்கும் வாசகர்களுக்கு இது எளிதில் புரியும்.

கலப்பினக் கிடேரிக்குச் சினை ஊசி போட அது சுமார் 250 கிலோ எடைக்கு வர வேண்டும். 30 கிலோவில் பிறந்த கன்று 220 கிலோ கூட வேண்டும். ஒழுங்காகப் பாலும் தீவனமும் கொடுத்து வளர்த்தால் நாளைக்கு 450 கிராம் கூடும். 490 நாளில், அதாவது சுமார் 16 மாதத்தில், ஊசிக்குத் தயார். அதன் பிறகு சினைக் காலம் 280 நாள். இரண்டே கால் வயதுக்குள் பால் கறக்கத் தொடங்கிவிடும்.

பாலைக் குறைத்து வளர்த்த கன்று நாளைக்கு 250 கிராம்தான் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 220 கிலோவுக்கு 880 நாள் ஆகும். 13 மாதம் தாமதம்! அந்தப் 13 மாதமும் பால் இல்லை. தீவனச் செலவு மட்டும் உண்டு.

கன்றுக்கு மூன்று மாதத்தில் கொடுக்க வேண்டிய பால் சுமார் 200 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 7,000 ரூபாய். அதில் பாதியைக் கன்றின் வாயிலிருந்து பிடுங்கி டெய்ரியில் ஊற்றினால் 3,500 ரூபாய் மிச்சம் போல் தெரியும். ஓராண்டுக்கு மேல் ஒரு மாட்டுக்குச் சும்மா தீனி போட இந்த 3,500 ரூபாய் எந்த மூலைக்கு?

தண்ணீர் எங்கே?

கோலாரில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டன. பால் கறக்கும் மாட்டுக்கோ நாளைக்கு 60, 70 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். டேங்கர் தண்ணீர் விலைக்கு வாங்கி மாட்டுக்குக் காட்டும் குடும்பங்களும் உண்டு.

2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் மூலம் இங்குள்ள ஏரிகளுக்கு விடப்படுகிறது. ஏரி நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும். நகரம் குளித்துக் கழித்த நீர் ஏரிக்கு வருகிறது. கிராமம் கறந்த பால் நகரத்துக்குப் போகிறது.

தீவனத்துக்கு ராகித் தாள் இந்தப் பகுதியின் பெரிய துணை. அதோடு மக்காச்சோளத் தட்டை, பட்டுப் புழு தின்றது போக மிஞ்சும் முசுக்கொட்டைக் குச்சி, வரப்பில் நட்ட சீமைப் புல். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-3, கோ-4 தீவனப் புல் கர்நாடகத்திலும் பயிராகிறது. சாணம் தக்காளித் தோட்டத்துக்கும் முசுக்கொட்டைக்கும் எருவாகிறது.

காளைக் கன்று பிறந்தால்...

கிடேரிக் கன்று பிறந்தால் வீட்டில் முகம் மலரும். காளைக் கன்று பிறந்தால் பேச்சு அடங்கிவிடும்.

ஒரு காலத்தில் காளைக் கன்றுக்குத்தான் மதிப்பு. ஹள்ளிக்கார் காளைகள் ஏர் உழுதன, வண்டி இழுத்தன. தொட்டபள்ளாபூர் அருகே காட்டி சுப்பிரமணியா மாட்டுச் சந்தையில் இன்றும் நல்ல ஜோடிக்கு நல்ல விலை உண்டு. ஆனால், கலப்பினக் காளைக்கு வெயில் தாங்காது. திமில் இல்லாததால் நுகத்தடியும் சரியாக உட்காராது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அந்தக் கன்றை வாங்க ஆள் இல்லை.

கர்நாடகத்தில் 2020-ம் ஆண்டின் பசுவதைத் தடுப்புச் சட்டம் 2021-ல் நடைமுறைக்கு வந்தது. பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை இறைச்சிக்கு வெட்ட அது தடை விதிக்கிறது. 13 வயதுக்கு மேற்பட்ட எருமைக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்தச் சட்டத்தின் நியாய அநியாயத்தை மேடையில் பேச ஆட்கள் இருக்கிறார்கள். முளையில் கட்டியிருக்கும் வாய்க்குத் தினமும் தீனி போட வேண்டியவர் சிறு பண்ணைக்காரர் ஒருவரே. விற்கவும் முடியாமல், வளர்க்கவும் முடியாமல், பாலை நிறுத்திக் கன்றைத் தானாகச் சாக விடுவதும், இருட்டில் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு வருவதும் நடக்கின்றன. இதைச் செய்கிறவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்லர். வேறு வழி தெரியாதவர்கள்.

வழி ஒன்று இப்போது வந்திருக்கிறது. கிடேரிக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்தைப் பயன்படுத்திச் சினை ஊசி போடுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியாகப் பிறக்கும். சாதாரண ஊசியைவிட விலை அதிகம். அரசு மானியம் உண்டு. பிறந்த பிறகு பட்டினி போடுவதைவிட, பிறக்குமுன் யோசிப்பது பாவமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

2022 கற்றுக் கொடுத்த பாடம்

2022-ல் மாடுகளின் உடலெங்கும் கட்டி எழும்பும் தோல் கழலை நோய் கர்நாடகத்தையும் தாக்கியது. கொசு, ஈ, உண்ணி மூலம் பரவிய அந்த நோயால் காய்ச்சல் கண்டு, பால் வற்றி, மாடுகள் மடிந்தன. மாட்டுச் சந்தைகளுக்குத் தடை போடப்பட்டது. ஒரே மாட்டை நம்பியிருந்த குடும்பம் அந்த மாடு போனதும் கை ஒடிந்து நின்றது. கொட்டகையில் வளர்ந்த கிடேரி ஒன்று இருந்த வீடு மறுபடியும் எழுந்தது.

காணை நோய்த் தடுப்பூசி நாலாம் மாதத்திலிருந்து போட வேண்டும். கன்று வீச்சு நோய்க்கு எதிரான ஊசியைக் கிடேரிகளுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரு முறை போட்டால் போதும். இவை இரண்டும் அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகின்றன. காதில் 12 எண் கொண்ட அடையாள வில்லை மாட்டி, ஊசி போட்டதைப் பதிவு செய்கிறார்கள்.

பணம் அனுப்புகிறவர்களுக்கு...

பெங்களூரிலும் மற்ற நகரங்களிலும் வேலை பார்த்து, மிச்சம் பிடித்து, 'ஊரில் ஒரு மாடு வாங்கிக் கொள்ளுங்கள்' என்று வீட்டுக்குப் பணம் அனுப்பும் தமிழர்கள் பலர். மாடு வாங்கும்போது எத்தனை லிட்டர் கறக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நேரக் கறவையைக் கண்ணால் பாருங்கள். பிறகு அதன் கன்றைப் பாருங்கள். கன்று எலும்பும் தோலுமாக நின்றால், காட்டப்படும் பாலில் ஒரு பங்கு அதன் வாயிலிருந்து பிடுங்கியது என்று தெரிந்துகொள்ளலாம்.

கிடேரிக் கன்று வாங்குவதானால், காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று விசாரிக்க வேண்டும். அப்படிப் பிறந்த கிடேரிகளில் பெரும்பாலானவை மலடாகிவிடும்.

மாடு வாங்கிய பிறகு வீட்டுக்கு எழுதும்போதும் போனில் பேசும்போதும், 'இன்று எத்தனை லிட்டர்?' என்று கேட்பதோடு, 'கன்றுக்கு எவ்வளவு விட்டீர்கள்?' என்றும் கேளுங்கள். வீட்டிலிருப்பவர்கள் நாளைக்கு 3 லிட்டரைத் தாராளமாக விடுவதற்கு அந்த ஒரு கேள்வி தைரியம் கொடுக்கும். இரண்டே கால் வருஷத்தில் கொட்டகையில் இரண்டாவது கறவை நிற்கும். அதற்காக யாரிடமும் கடன் கேட்டுப் போக வேண்டியதில்லை.