ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழை

இயங்குதளப் பாடத்துக்காகச் சென்ற பருவத்தில் நான் எழுதிய நிரல் வீட்டில் எத்தனையோ முறை ஒழுங்காக ஓடியது. விரிவுரையாளர் முன்னால் ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. காரணம் மிகச் சிறியது. கோப்பு திறக்காமல் போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. திறக்காத கோப்பை மூடப் போய் என் நிரல் முடங்கியது.

"இதைக்கூடக் கவனிக்கவில்லையே" என்று வீடு திரும்பும்வரை என்னையே திட்டிக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து, லினக்ஸ் கெர்னலின் பழைய பிழைத்திருத்தங்களைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏறக்குறைய நான் செய்த அதே தவறு!

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. நினைவகம், வட்டு, கட்டமைப்பு எல்லாவற்றையும் ஆள்வது அதுதான். சாதாரணச் செயலியில் பிழை இருந்தால் அந்தச் செயலி மட்டும் நிற்கும். கெர்னலில் இருந்தால் கணினியே முடங்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் ஏராளமான இணையச் சேவையகங்களும் லினக்ஸ் கெர்னலில்தான் இயங்குகின்றன.

அதற்குள் ஐபிசெக் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. விபிஎன் இணைப்புகள் பல இதை நம்பியவை. எந்தத் தரவை மறையாக்கம் செய்து அனுப்ப வேண்டும், எதை அப்படியே விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்பதற்கு அதில் விதிகள் உண்டு. கொண்டோமினிய வாசலில் பாதுகாவலர் வைத்திருக்கும் விதிப் புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லா விதிகளையும் காட்டு" என்று ஒரு நிரல் கெர்னலிடம் கேட்கலாம். விதிகள் நிறைய இருந்தால் பகுதி பகுதியாகத்தான் கொடுக்க முடியும். எதுவரை கொடுத்தோம் என்பது மறந்துவிடக்கூடாது அல்லவா? அதற்காக 2008இல் கெர்னல் நிரலாளர் ஹெர்பர்ட் சூ ஒரு வழி செய்தார். விதிப் பட்டியலுக்குள்ளேயே ஓர் அடையாளத்தைச் செருகிவைப்பது. நாம் புத்தகத்தில் விட்ட இடம் தெரிய ஒரு தாளை வைப்பதைப் போன்றது. வேலை முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும்.

சிக்கல் இங்கேதான். தாளைத் தயார் செய்யும் வேலை, முதல் பகுதியைக் கொடுக்கும் வேலைக்குள்ளேயே இருந்தது. ஆனால், கேட்ட நிரலின் பஃபர், அதாவது பதில் வந்து சேரும் இடம், முன்பே நிரம்பியிருந்தால் கெர்னல் முதல் பகுதியைக்கூடக் கொடுக்காது. புத்தகத்தைத் திறக்கவும் இல்லை, தாளை வைக்கவும் இல்லை. இருந்தும் இணைப்பை மூடும்போது, வைக்காத தாளை எடுக்கப் போகும். இல்லாத ஒன்றை நினைவகத்தில் தேடிக் கைவைக்கும்போது கெர்னல் முடங்கும்.

பஃபரின் அளவைக் கேட்கும் நிரலே சுருக்கிக்கொள்ளலாம் என்பதால், இந்த நிலையை வேண்டுமென்றே உருவாக்க முடியும். கணினியை முடக்கவும், சாதாரணப் பயனர் உயர் அதிகாரம் பெறவும் இப்பிழை வழிவிடலாம் என்று சிவிஇ-2017-16939 என்ற எண்ணில் அது பதிவாகியுள்ளது.

விதிகளைக் கேட்கும் உரிமை நிர்வாகிக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். 2008இல் அப்படித்தான். 2013இல் வந்த லினக்ஸ் 3.8 பதிப்பிலிருந்து, சாதாரணப் பயனரும் தனக்கென ஒரு தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் நிர்வாகியாக இருக்க வழி பிறந்தது. அந்த வசதி திறந்திருக்கும் கணினிகளில் பழைய பிழைக்குப் புதிய வாசல் கிடைத்தது. பிழையான வரிகள் மாறவில்லை, அவற்றைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறியது.

ஓர் ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்துத் தெரிவித்த பிறகு, 2017 அக்டோபரில் திருத்தம் வந்தது. எழுதியவர் அதே ஹெர்பர்ட் சூ. தாளை எடுக்கும் இடத்தில் "இருக்கிறதா?" என்று ஒரு சோதனையைச் சேர்த்து அவர் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தாளைத் தயார் செய்வதைத் தனியாகப் பிரித்து, கேள்வி வந்தவுடன், பஃபரில் இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் நடக்கும் வேலையாக மாற்றினார். மாறியது ஒரே ஒரு கோப்பு. 4.13.11 பதிப்பு முதல் அந்தத் திருத்தம் இருக்கிறது.

என்னை அதிகம் கவர்ந்தது திருத்தத்துடன் வந்த குறிப்பு. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று சில வரிகளில் சொல்கிறது. பிழை எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்பதும் அதில் இருக்கிறது. அது அவருடைய சொந்த 2008 மாற்றம். சாக்குப்போக்கு எதுவும் இல்லை. திட்டப்பணியில் தவறு நேர்ந்தால் "என் பகுதி சரியாகத்தான் இருந்தது" என்று முதலில் சொல்லும் எனக்கு அது உறைத்தது.

இப்போது எதை எழுதினாலும், ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்த பிறகு இன்னும் அரை மணி நேரம் செலவிடுகிறேன். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டுவேன். ஒன்றுமே எழுதாத கோப்பைக் கொடுத்துப் பார்ப்பேன். மூடும், நீக்கும், விடுவிக்கும் ஒவ்வொரு வரியிலும் "இது உண்மையில் தொடங்கியதா?" என்று கேட்டுக்கொள்வேன்.

அன்று நின்றுபோன நிரலிலும் இரண்டு வரிகள் சேர்த்துவிட்டேன். மதிப்பெண் மாறவில்லை. ஆனாலும், அந்த மாற்றத்துக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: தவறு எங்கே, ஏன் நடந்தது, செய்தது யார் என்று. கடைசிக் கேள்விக்குப் பதிலாக என் பெயரைத் தட்டச்சு செய்யத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.