பெருங்கப்பலிற் புதுப் பிரயாணி

கடல் சூழ்ந்த குடாநாட்டிலே பிறந்த எங்களைக் கப்பற் பிரயாணத்துக்குப் புதியவர்கள் என்று சொன்னாற் கேட்பவர் நகைப்பர். ஆயினும் அஃது உண்மை. இன்று யாழ்ப்பாணத்திலே நாற்பது வயதுக்கு உட்பட்டோரை ஓர் அவையிற் கூட்டி, "உங்களிற் கப்பலேறியவர் யார்?" என்று வினவினால், உயரும் கைகள் மிகச் சிலவாகவே இருக்கும். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகிலே சென்று வந்தவர் பலர். கப்பல் எனத் தக்க ஒன்றிலே ஓர் இரவு துயின்று விழித்தவரைக் காண்டல் அரிது.

எங்கள் பாட்டன்மார் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மலாயாவில் றெயில்வேப் பகுதியிலும் பிற அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்ற யாழ்ப்பாணத்தார் கப்பலிலே போயினர், கப்பலிலே வந்தனர். 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. றெயில், கப்பல், மறுபடியும் றெயில் என மாறி மாறிச் சென்னை சென்றடைவது எளிதாயிற்று. 1938ஆம் ஆண்டு, வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அவ்வூர் மாலுமிகளுடன் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 1964 டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடியது. 1980களிலே போர் அதனையும் நிறுத்திற்று. வழியாக இருந்த கடல் வேலியாயிற்று.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதனை நடத்தும் கொம்பனியின் பெயர் கோர்டேலியா. ஆங்கில இலக்கியங் கற்றோர் அப்பெயரைக் கேட்டவுடன் லியர் மன்னனின் கடைசி மகளை நினைந்து கொள்வர். அவ்வாண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' என்னும் சிறு கப்பல் வந்தது. மாரிக் கடலின் காரணமாகச் சில நாட்களிலேயே அச்சேவை நின்றது. 2024 ஓகஸ்ற் 16ஆந் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பலோடு அவ்வழி மீண்டும் திறந்தது. வழி திறந்ததே, ஆனால் அவ்வழியிற் செல்லும் முறையைச் சொல்லித் தர வேண்டிய ஒரு தலைமுறை இடையிலே விடுபட்டுவிட்டது.

ஆதலால் இப்பொழுது என்னிடம் படித்த மாணாக்கரும், உடன் படிப்பிக்கும் இளம் ஆசிரியரும், "ஐயா, கப்பலிலே போகப் போகின்றோம், எதை அறிந்து கொள்ளவேண்டும்?" என்று கேட்கின்றனர். இலக்கணம் படிப்பிப்பவனிடம் கப்பல் விதி கேட்பது விந்தைதான். சக ஆசிரியர் சிலருடன் ஒருமுறை பெருங்கப்பலொன்றிலே சில நாட்கள் பிரயாணஞ் செய்தேன் என்பதே எனக்குள்ள தகுதி. கண்டதையும், பின்னர் கற்றதையும் சேர்த்து இங்கே சொல்லுகின்றேன்.

முதலில் அறிய வேண்டியது கப்பலின் பருமை. 'எம்பிரஸ்' 1990ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துச் சென் நசேர் என்னும் துறையிலே கட்டி முடிக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 211 மீற்றர். இரண்டு உதைபந்தாட்ட மைதானங்களை நெடுக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதனை 48,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல் என்பர். அத்தொன் நிறையன்று, கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் பரிமாணத்தைக் கொண்டு கணிக்கும் அளவை. உலகிலே இன்று ஓடும் உல்லாசக் கப்பல்களுள் இதனினும் ஐந்து மடங்கு பெரியனவும் உள. இத்தகைய கப்பலின் உள்ளே வீதிகள்போல நடைவழிகள். தட்டுக்குத் தட்டு மின்னுயர்த்தி. போசனசாலை, நாடக அரங்கு, நீச்சற் குளம், கடைகள். ஏறியவன் அரை மணி நேரத்துள் தான் கடலின் மேல் இருப்பதை மறந்துவிடுகின்றான். நான் சொல்ல வந்தது இந்த மறதியைப் பற்றியே. சிறு வள்ளத்திலே போகின்றவனுக்குக் கடலை ஒருவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒவ்வோர் அலையும் நினைவூட்டும். பெருங்கப்பலிலே போகின்றவன் தானே முயன்று நினைத்தல் வேண்டும்.

அந்த நினைவுக்கென ஏற்பட்டது ஆபத்துக்காலப் பயிற்சி. ஒவ்வொரு பிரயாணிக்கும் ஒரு கூடுமிடம் குறிக்கப்பட்டிருக்கும். அதன் எண் அறைக் கதவின் உட்புறத்தும் பிரயாணியின் அட்டையிலும் காணப்படும். ஏழு குறுகிய ஊதல்களும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நெடிய ஊதலும் கேட்டால், அது கூடுமிடத்துக்கு வருக என்னும் அழைப்பு. இலக்கண மாணாக்கர் ஏழு குறிலும் ஒரு நெடிலும் என்று மனத்திற் பதித்துக்கொள்க. நான் சென்ற கப்பலிலே, இப்பயிற்சி நடந்தபோது, கற்றவர் பலர் அதை ஒரு தொல்லையாகக் கருதிப் படம் எடுத்துக்கொண்டும் சிற்றுண்டி தேடிக்கொண்டும் நின்றனர். "இவ்வளவு பெரிய கப்பலுக்கு என்ன நேரும்?" என்று ஒருவர் கேட்டார்.

அதே கேள்வியை 1912 ஏப்பிரலிலே ரைற்றானிக் கப்பலிற் சென்றோரும் கேட்டனர். அக்கப்பலில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றிலே 1,178 பேருக்கே இடம். அந்த இடமும் முழுதும் பயன்படவில்லை. வெளிச்சமும் வெப்பமும் நிறைந்த பெருங்கப்பலை விட்டு இருட்டிலே ஒரு சிறு படகில் இறங்கப் பலர் மனங்கொள்ளவில்லை. படகுகள் பல நிரம்பாமலே கடலில் இறக்கப்பட்டன. 1,500 பேரளவில் மாண்டனர். அதன் பின்னரே, 1914ஆம் ஆண்டு, கடலில் உயிர்க்காப்பு என்னும் பொருளிலே நாடுகள் கூடி உடன்படிக்கை ஒன்று செய்தன.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2012 ஜனவரி 13ஆந் திகதி இரவு, இத்தாலியின் ஜிலியோத் தீவருகே, கொஸ்தா கொன்கோர்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. அதில் இருந்தோர் 4,200 பேருக்கு மேல்; இறந்தோர் 32 பேர். அன்று மாலை ஒரு துறையில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி நடக்கவேயில்லை. ஏறி 24 மணி நேரத்துள் நடத்தினாற் போதும் என்பது அக்கால விதி. மோதியபின், மின்சாரக் கோளாறு என்றே பிரயாணிகளுக்கு முதலிற் சொல்லப்பட்டது. எங்கே செல்வது, அங்கியை எப்படிக் கட்டுவது என்று அறியாதோர் இருட்டிலே சாய்ந்த நடைவழிகளிற் படாத பாடு பட்டனர். 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படு முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தல் வேண்டும் என விதி திருத்தப்பட்டது. இன்று நமக்குத் தொல்லையாகத் தோன்றும் அந்த அரை மணி நேரம் பிறர் உயிர் கொடுத்து வாங்கித் தந்தது.

மணிமேகலையிலே சாதுவன் கதை வருகின்றது. அவன் ஏறிய கலம் அலையில் உடைந்தது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் இடத்தை அடைந்தான். மரத்துண்டு அவனைக் கரை சேர்த்தது. ஆனால் அங்கே உயிரைக் காத்தது அவன் முன்பே கற்றிருந்த நாகர் பாஷை. ஆபத்து வருமுன் கற்றதே ஆபத்தில் உதவும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே கப்பலில் ஏறியவுடன், போசனசாலை எங்கே என்று தேடுமுன், உங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு ஒருமுறை படிவழியாக நடந்து பாருங்கள். ஆபத்தின்போது மின்னுயர்த்தியை நம்பலாகாது. யாரேனும் கடலில் விழக் கண்டாற் கூவுங்கள், மிதவையை எறியுங்கள், அவரை விட்டுக் கண்ணை எடுக்காமற் கையாற் சுட்டிக்கொண்டே நில்லுங்கள். அலைகளிடையே ஒரு தலை மறைவதற்கு ஒரு கணம் போதும்.

அடுத்தது உடம்பு. கடலிலே தலைசுற்றும் குமட்டலும் உண்டாவது ஏன்? செவியினுள்ளே சமநிலை உணரும் கருவி ஆட்டத்தை உணர்கின்றது. கண்ணோ அறையின் சுவர் அசையவில்லை என்கின்றது. இரு சாட்சிகள் முரண்பட, மூளை குழம்புகின்றது. குமட்டலுக்கு ஆங்கிலர் வழங்கும் 'நோசியா' என்னும் சொல், கப்பலைக் குறிக்கும் 'நௌஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. கப்பல் தோன்றிய காலந்தொட்டு இந்நோயும் உண்டென்பதற்கு அச்சொல்லே சாட்சி. ஆகவே நாணவேண்டியதில்லை. மேற்றட்டுக்குச் சென்று, கடலும் வானும் கூடுகின்ற கோட்டைப் பாருங்கள், சாட்சிகள் ஒத்துப்போவர். வெறுவயிறும் ஆகாது, நிறைவயிறும் ஆகாது. மாத்திரை உண்பதாயின், வைத்தியரைக் கேட்டு, ஆட்டந் தொடங்குமுன் உண்ணவேண்டும். அறை தெரியும்போது, கப்பலின் நடுப்பகுதியிலே கீழ்த்தட்டில் உள்ளதைக் கேட்டுப் பெறுக. அணியத்திலும் மேற்றட்டிலும் ஆட்டம் மிகுதி.

காலமும் அறிக. சோழகம் எப்பொழுது, வாடை எப்பொழுது என்பது எங்கள் கரையோரத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். வாடை வீசும் மாரியிலே வடகடல் கொந்தளிக்கும். செரியபாணி நின்றது அதனாலேதான். மாசி, பங்குனி மாதங்களிற் கடல் பொதுவாக அமைதியாயிருக்கும். பெருங்கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புப் போன்ற கருவிகள் உண்டு. அவை குறைப்பனவேயன்றி அறவே நீக்குவனவல்ல.

இனிப் பத்திரங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும் என்பது பெரும்பாலும் வழக்கம். எங்களவர் தவறும் இடம் ஒன்று உண்டு. சென்னையிற் கப்பலேறி, இலங்கைத் துறைகளைக் கண்டு, மீண்டுஞ் சென்னையில் இறங்குவது சட்டப்படி இந்தியாவினுள் இரண்டாம் முறை நுழைவதாகும். ஒருமுறை நுழைவதற்கு மட்டும் பெற்ற விசா அங்கே உதவாது. இதனைப் பயணச்சீட்டு வாங்குமுன் அறிந்துகொள்க. பெரும் பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொள்வர். அவை அறைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம். கடவுச்சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியன கைப்பையிலே இருத்தல் வேண்டும். மின்னழுத்தியும் நீர் கொதிக்கவைக்கும் கேத்திலும் கொண்டுபோகாதீர்கள். தீக்கு அஞ்சி அவற்றை வாங்கி வைத்துவிடுவர். 24 வாரங் கடந்த கருப்பவதிகளைப் பல கொம்பனிகள் ஏற்பதில்லை.

பணப்பையை நினைவில் வைத்தலும் வேண்டும். கப்பலிலே காசு கைமாறுவதில்லை. ஓர் அட்டையைக் காட்டினாற் போதும். கொடுப்பது கண்ணுக்குத் தெரியாமையாற் செலவும் தெரியாது. கடைசி நாளில் வரும் கணக்கே தெரிவிக்கும். அன்றன்றைய கணக்கை அன்றன்றே கேட்டுப் பாருங்கள். நடுக்கடலிற் கைத்தொலைபேசி செய்ம்மதி வழியாக இயங்கினாற் கட்டணம் மிக உயரும். அத்தொடர்பை நிறுத்தி வையுங்கள். கப்பல் வைத்தியருக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆதலாற் பிரயாணக் காப்புறுதி வீண்செலவன்று.

பந்தி முறையிலும் ஒரு சொல். தாமே எடுத்துண்ணும் பந்தியிலே, வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டுமாயின் மீண்டும் செல்வதே முறை. சைவ போசனம் வேண்டுவோர் சீட்டு வாங்கும்போதே அறிவித்தல் வேண்டும். உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. ஆயிரம் பேர் ஒரே கரண்டியைத் தொடும் இடத்திலே வயிற்றுப்போக்கு விரைந்து பரவும்.

கரையிறங்கும்போது நேரத்தை மறவாதீர்கள். இலங்கையும் இந்தியாவும் 2006ஆம் ஆண்டு முதல் ஒரே மணியைக் கொண்டிருத்தலால், இவ்விரு கரைகளுக்கிடையே கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. அப்பாற் செல்வோர் கப்பலின் மணியையே கொள்க. குறித்த வேளைக்கு வராதவனுக்காகக் கப்பல் காத்திராது. ஆழங் குறைந்த துறைகளிலே பெருங்கப்பல் வெளியே நங்கூரமிட, பிரயாணிகள் சிறு படகில் இறங்க நேரிடும். அந்த ஓர் அடிதான் முழுப் பயணத்திலும் வழுக்கும் அடி. மாலுமி கைநீட்டி அழைக்கும்வரை பொறுத்து, அவர் கையைப் பற்றியே இறங்குக. முதியவர் என்னும் பெருமையும் இளையவர் என்னும் துணிவும் அங்கே உதவா.

இவற்றையெல்லாம் வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணாக்கரை அழைத்துக்கொண்டு நயினாதீவுக்குப் போகின்றீர்கள். படகிலே உயிர்காப்பு அங்கி தரப்படுகின்றது. புழுக்கம் என்றும், உடை கசங்கும் என்றும், அரை மணி நேரத்துக்குள் என்ன வந்துவிடும் என்றும் சொல்லி, ஆசிரியரே அதை மடியில் வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கின்றேன். பிள்ளைகள் எங்கள் சொல்லைக் கேட்பதிலும் எங்கள் செயலைப் பார்ப்பதே அதிகம். நாளை அவர்கள் காங்கேசன்துறையிலும் சென்னையிலும் கப்பலேறுவர்; இன்னும் தூரத்துக் கடல்களிலும் செல்வர். குறிகாட்டுவானிற் கட்டாத அங்கியை அங்கே கட்டுவரா? அடுத்த முறை படகில் ஏறியதும் முதலில் நீங்கள் கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் முடிச்சையும் இழுத்துப் பாருங்கள்.