முரசு அடிக்கவும் மானியம்

அயர்லாந்துத் தீவில் இரண்டு தோல் கருவிகள் உண்டு. ஒன்று லாம்பெக்: கழுத்தில் மாட்டிக்கொண்டு இரு கைகளாலும் பிரம்பால் விளாசும் ராட்சத முரசு. ஜூலை மாத ஆரஞ்சு ஊர்வலங்களில் புராட்டஸ்டண்ட்காரர்கள் அடிப்பது. இன்னொன்று பவுரான்: மடியில் சாய்த்து, சின்னக் குச்சியால் தட்டுவது, அயர்லாந்தின் நாட்டுப்புற இசையோடு ஒட்டிப் பிறந்தது. இரண்டுக்கும் ஆட்டுத்தோல்தான். ஆனால் வடக்கு அயர்லாந்தில் லாம்பெக் சத்தம் கேட்டாலே அது யார் தெரு என்று சொல்லிவிடுவார்கள். எந்தத் தெருவுக்குள் எந்த மேளம் போகலாம் என்று அடித்துக்கொண்ட ஊர்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு மேளக்காரர்களையும் ஒரே மேடையில் உட்கார வைக்க அரசாங்கங்கள் பணம் கொடுக்கின்றன. இன்று நேற்றல்ல, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக.

1921-இல் தீவு இரண்டாக வெட்டப்பட்டது. சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. வடக்கே பிரிட்டிஷ் ஆட்சி, தெற்கே டப்ளின். வடக்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பிளவை ஒட்டி அறுபதுகளின் கடைசியில் தொடங்கிய வன்முறை 3,500-க்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த 1982-லேயே டப்ளின் அரசு ஒரு நல்லிணக்க நிதியைத் தொடங்கிவிட்டது. 1986-இல் அயர்லாந்துக்கான சர்வதேச நிதியம் வந்தது. 1994 போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து, 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘பீஸ்’ திட்டத்தோடு இறங்கியது. 1998 ஏப்ரல் 10 அன்று அமைதி உடன்படிக்கை கையெழுத்தானபோது, இந்தப் பணம் ஏற்கெனவே ஊர் மன்றங்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் போய்க்கொண்டிருந்தது.

பிரெக்ஸிட்டோடு எல்லாம் நின்றுவிடும் என்று பலரும் பயந்தார்கள். நிற்கவில்லை. 2021–27 காலத்துக்கான ‘பீஸ்பிளஸ்’ திட்டத்தின் அளவு 114 கோடி யூரோ. பிரஸ்ஸல்ஸும் லண்டனும் டப்ளினும் பெல்ஃபாஸ்ட்டும் சேர்ந்து போட்ட பணம். வேறு பலவற்றில் ஒத்துப்போகாத லண்டனும் பிரஸ்ஸல்ஸும் இதில் முறுக்கிக்கொள்ளவில்லை. 2020-இல் டப்ளினில் மீஹால் மார்ட்டின் அரசு தன் பங்குக்கு ‘பகிரப்பட்ட தீவு’ முயற்சியை அறிவித்து, 2025 வரைக்கும் 50 கோடி யூரோவை ஒதுக்கியது. தன் குடிமக்களின் வரிப்பணத்தை இன்னொரு அரசின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் செலவழிப்பது லேசான முடிவல்ல. இது தீவு இணைப்புக்கான பின்வாசல் என்று பிரிட்டனோடு இருக்க விரும்பும் வடக்கின் யூனியனிஸ்டுகளில் பலர் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

‘பகிரப்பட்ட தீவு’ நிதியிலிருந்து கலைக்குப் போகும் ஒரு பங்கைக் ‘கிரியேட்டிவ் அயர்லாந்து’ என்ற அரசுத் திட்டம் கவனிக்கிறது. எல்லைக்கு இருபுறமும் உள்ள உள்ளாட்சி மன்றங்கள் ஜோடி சேர்ந்து செய்யும் சமூகக் கலைத் திட்டங்களுக்கு அது பணம் தருகிறது. என் கணக்கில், பாதிப் பலன் இந்த ஜோடி நிபந்தனையிலேயே கிடைத்துவிடுகிறது. ஓவியம் எப்படி வந்தாலும் வரட்டும். விண்ணப்பம் எழுதுவதற்காகவாவது இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

தொல்லை அதற்கப்புறம்தான். ‘பீஸ்பிளஸ்’ போன்ற ஐரோப்பிய நிதியில் பொதுவாகச் செலவை முதலில் நீங்கள் செய்ய வேண்டும், ரசீது காட்டிப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய மன்றங்கள் தாங்கும்; ஊர்ப் பாட்டுக் குழு தாங்குமா? ஒருபுறம் பவுண்டு, மறுபுறம் யூரோ. வந்தவர்கள் எந்தச் சமூகம், எத்தனை மணி நேரம் கலந்து பழகினார்கள் என்றும் படிவம் கேட்கும். நட்பை மணிக்கணக்கில் அளக்கும் வித்தையை அதிகாரிகள்தான் கண்டுபிடிக்க முடியும்.

இருபுறமும் சமமும் இல்லை. தெற்கில் 2022 முதல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தந்து பார்த்தார்கள். ஒரே கூட்டுக் கலைத் திட்டத்தில் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வேலை செய்யும் கூட்டாளிக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

ஆனால் பலன் கண்ணெதிரே தெரிந்த இடங்களும் உண்டு. டெர்ரியில் ஃபாய்ல் ஆற்றின் மேற்குக் கரை பெரும்பாலும் கத்தோலிக்கர். மேற்கைவிடக் கிழக்கே புராட்டஸ்டண்ட்காரர்கள் அதிகம். நடுவில் ‘பீஸ்’ நிதியில் ஒரு நடைபாலம் கட்டி 2011-இல் திறந்தார்கள். அது இறங்குவது முன்பு ராணுவ முகாமாக இருந்த எப்ரிங்டன் மைதானத்தில். இரண்டே ஆண்டில் அயர்லாந்தின் மிகப் பெரிய பாரம்பரிய இசைவிழாவான ஃப்ளா, 1951-இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக வடக்கே வந்தது. வந்த இடம் டெர்ரி. அந்த விழாவில் புராட்டஸ்டண்ட் ஊர்வல பேண்டு குழுக்களும் வாசித்தன. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் சத்தமில்லாத ஒன்று. எல்லையோர மானஹன் மாவட்டத்தில் அனமகெரிக் என்ற ஏரிக்கரை வீடு. நாடக இயக்குநர் டைரோன் கத்ரி, கலைஞர்கள் தங்கி வேலை செய்வதற்காக அதை அயர்லாந்து அரசுக்கு உயில் எழுதிவைத்தார். திறந்தது 1981-இல்; வடக்கே சிறை உண்ணாவிரதத்தில் பத்துப் பேர் செத்த ஆண்டு. தெற்கின் கலை மன்றமும் வடக்கின் கலை மன்றமும் சேர்ந்து அதற்கு நிதி தருகின்றன. பகலெல்லாம் அவரவர் வேலை, இரவுச் சாப்பாடு மட்டும் ஒரே மேசையில். நல்லிணக்கம் என்ற சொல்லைச் சுவரில் எழுதிவைக்காமலே நடப்பது.

கொடுப்பவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டின் ஐரிஷ் மொழி ராப் குழு ‘நீகேப்’. அவர்களைப் பற்றிய திரைப்படத்துக்கு இருபுறத்துத் திரைப்பட நிதி அமைப்புகளும் பணம் போட்டன. ஆனால் இசை ஏற்றுமதித் திட்டத்தில் அவர்களுக்குத் தர முடிவாகியிருந்த 14,250 பவுண்டை 2024-இல் லண்டன் அமைச்சர் கெமி பேடனாக் தடுத்தார். ஐக்கிய ராச்சியத்தையே எதிர்ப்பவர்களுக்கு வரிப்பணம் எதற்கு என்பது வாதம். குழுவினர் வழக்குப் போட்டார்கள். தடுத்தது சட்டவிரோதம் என்று அரசே அந்த நவம்பரில் ஒப்புக்கொண்டது. கைக்கு வந்த தொகையைச் சரிபாதியாகப் பிரித்து, பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்கப் பகுதி இளைஞர் அமைப்பு ஒன்றுக்கும் புராட்டஸ்டண்ட் பகுதி அமைப்பு ஒன்றுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கொடுப்பவர் மனம் மாறாவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று தவணை வைத்து வரும் பணத்தில் விழா நடத்தலாம், சுவரில் ஓவியம் தீட்டலாம். தவணை முடிந்ததும் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் நின்றுவிடும். பழக்கமும் அவரோடு போய்விடும். ‘பீஸ்பிளஸ்’ முடிவதற்குள் டப்ளினும் பெல்ஃபாஸ்ட்டும் செய்ய வேண்டியது, அனமகெரிக் போன்ற நிரந்தர இடங்களை எல்லை நெடுக இன்னும் சில ஊர்களில் திறந்து, ஆண்டுதோறும் பாதிப் பாதியாக அவற்றின் செலவை ஏற்பதுதான்.