இடித்த தெருக்களின் பெயர்ப் பலகைகள் பத்திரம்... கேப் டவுனில் மக்களே எழுதும் மியூசியம்!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சேர்ந்த நூர் இப்ராஹிம், பந்தயப் புறாக்கள் வளர்த்தவர். 1970-களில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியிலிருந்து அவர் குடும்பம் வெளியேற்றப்பட்டபோது, புறாக்களையும் அத்லோனில் இருந்த புது வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மூன்று மாதங்கள் கூண்டில் வைத்துப் பழக்கிவிட்டு, ஒருநாள் திறந்துவிட்டார். மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால், ஒன்றுகூடத் திரும்பியிருக்கவில்லை. மறுநாள் காலை பழைய ஏரியா வழியாகப் போனவர் அதிர்ந்துபோனார். இடிக்கப்பட்ட அவர் வீடு இருந்த காலி மனையில் 50 புறாக்களும் உட்கார்ந்திருந்தன!

இதைப் புத்தகத்திலும் எழுதிய நூர், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியத்தில் வழிகாட்டியாக இருந்து, வருபவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தார்.

ஓர் அறிவிப்பு... 60,000 பேர்!

1867-ல் நகரின் ஆறாவது வட்டமாகப் பிரிக்கப்பட்டதால் வந்த பெயர்தான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள், கைவினைஞர்கள், சிறு வியாபாரிகள், வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் எனப் பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். நிறவெறி அரசு, 1966 பிப்ரவரி 11 அன்று இதை 'வெள்ளையர் பகுதி' என அறிவித்தது. அடுத்த 15 ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டோர் ஊருக்கு வெளியே, மணற்பாங்கான கேப் ஃப்ளாட்ஸுக்குத் துரத்தப்பட்டனர். சர்ச்சுகளையும் மசூதிகளையும் விட்டுவிட்டு, வீடுகளை புல்டோசர் தரைமட்டமாக்கியது. இவ்வளவு செய்தும், பறித்த நிலத்தில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது என்பதுதான் கொடுமை.

நிறவெறி ஆட்சி முடிந்த 1994-ம் ஆண்டு, டிசம்பர் 10-ல், பழைய மெதடிஸ்ட் சர்ச் ஒன்றில் இந்த மியூசியம் திறக்கப்பட்டது. முதல் கண்காட்சியே தெருக்களைப் பற்றியதுதான். சில வாரங்கள் மட்டும் நடத்தத் திட்டம். ஆனால், பழைய குடியிருப்புவாசிகள் அதை மூடவிடவில்லை.

அங்கே தொங்கும் தெருப் பெயர்ப் பலகைகளுக்குத் தனிக் கதை உண்டு. இடிப்பு வேலையை மேற்பார்வை பார்த்த ஒரு வெள்ளைக்காரர், அவற்றைத் தூக்கி எறியாமல் வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தார். இடித்தவர் கையிலேயே சாட்சியும் இருந்திருக்கிறது!

தரையில் விரியும் ஊர்

மியூசியத் தரையில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் பெரிய வரைபடம். அதில் முன்னாள் குடியிருப்புவாசிகள் குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குடும்பப் பெயரைத் தாங்களே எழுதினார்கள். கடைகள், பஸ் நிறுத்தங்கள் எல்லாம் இப்படித்தான் குறிக்கப்பட்டன. அரசின் வரைபடத்தில் அழிந்துபோன முகவரிகள், இங்கே கையெழுத்தில் இருக்கின்றன.

பக்கத்தில் நீளமான துணி ஒன்று. வருகிறவர்கள் அதில் தங்கள் நினைவை எழுதிவிட்டுப் போவார்கள். மை மங்கிவிடும் அல்லவா? அதனால் எழுத்தின் மேலேயே நூலால் எம்ப்ராய்டரி போடுகிறார்கள்.

இன்னொரு மூலையில் 'நோம்வுயோவின் அறை'. எழுத்தாளர் நோம்வுயோ ந்செல்வானேயின் குடும்பம் வாழ்ந்த ஒற்றை அறையை நினைவிலிருந்து மீண்டும் அமைத்திருக்கிறார்கள். சமையல், சாப்பாடு, தூக்கம், விருந்தாளி எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அறைதான். ஒண்டுக்குடித்தனம் பார்த்த நம்மவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

நிலத்தைத் திரும்பப் பெறும் போராட்டம் மட்டும் ஆமை வேகம். 2004 பிப்ரவரி 11-ல், அதாவது அந்த அறிவிப்பு வந்த அதே தேதியில், 80 வயதைக் கடந்த இரண்டு முதியவர்களிடம் நெல்சன் மண்டேலா புது வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார். அதன் பிறகும் இழுத்தடிப்பு தொடர, 2018-ல் மக்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. காத்திருந்தவர்களில் பலர் சாவியைப் பார்க்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய பெயர்கள் மியூசியத் தரையில் இருக்கின்றன.