வாக்கி-டாக்கிக்கும் தேசியப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? ஹைடெராவைச் சுற்றியுள்ள அமெரிக்கச் சட்டம்

அடுக்குமாடி நுழைவாயிலில் நிற்கும் காவலாளி, பேரங்காடியின் கார் நிறுத்துமிடப் பணியாளர், கட்டுமானத் தளத்துக் கிரேன் ஓட்டுநர் என எத்தனையோ பேர் கையில் வாக்கி-டாக்கி இருக்கிறது. அதை எந்த நிறுவனம் தயாரித்தது என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அமெரிக்க அரசாங்கமோ சில ஆண்டுகளாக அதைத்தான் முதலில் கேட்கிறது.

காரணம் ஒரு சட்டப்பிரிவு. 2019 நிதியாண்டுக்கான அமெரிக்கத் தற்காப்புச் சட்டத்தில் அப்போதைய அதிபர் டோனல்ட் டிரம்ப் 2018 ஆகஸ்ட் 13ஆம் தேதி கையெழுத்திட்டார். அதன் 889ஆவது பிரிவு ஐந்து சீன நிறுவனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஹுவாவெய், இசட்.டி.இ, கண்காணிப்புக் கேமரா தயாரிக்கும் ஹிக்விஷன், டாஹுவா ஆகியவற்றோடு வாக்கி-டாக்கி தயாரிக்கும் ஹைடெராவும் அதில் உண்டு. 1993இல் ஷென்ஸென் நகரில் தொடங்கப்பட்ட ஹைடெரா, இத்துறையில் மோட்டோரோலாவுக்கு நேரடிப் போட்டியாளர்.

‘அமெரிக்காவில் ஹைடெராவுக்குத் தடை’ என்று சுருக்கமாகச் சொல்வது சரியல்ல. இந்தச் சட்டம் கடைக்காரரைத் தடுக்கவில்லை. அரசாங்கத்தின் பணப்பையைத்தான் கட்டுப்படுத்துகிறது. 2019 ஆகஸ்ட் முதல் கூட்டரசு அமைப்புகள் இந்தக் கருவிகளை வாங்க முடியாது. சிறிய ஊரின் தீயணைப்பு நிலையம் கூட்டரசு மானியத்தில் வாக்கி-டாக்கி வாங்கினாலும் இதே கதைதான்.

கடுமையானது 2020 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இரண்டாவது பகுதி. இந்தக் கருவிகளைச் சொந்தமாகப் பயன்படுத்தும் நிறுவனங்களோடுகூட அரசாங்கம் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்கிறது அது. அரசாங்கத்துக்கு விற்கும் பொருளில் ஹைடெரா இல்லாவிட்டாலும், குத்தகையாளரின் சொந்தக் காவலாளிகள் கையில் இருந்தால் சிக்கல். ஏலக் குத்தகையில் கலந்துகொள்ளும்போதே ‘பயன்படுத்துகிறோமா, இல்லையா’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு தெரியவந்தால் ஒரே வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் மோசடி வழக்கு வரலாம்.

ஹைடெராவைப் பொறுத்தவரை சட்டத்தின் வாசகத்தில் ஓர் எல்லை இருக்கிறது. பொதுப் பாதுகாப்பு, அரசாங்கக் கட்டடங்களின் காவல், முக்கியக் கட்டமைப்புகளின் கண்காணிப்பு, பிற தேசியப் பாதுகாப்புத் தேவைகள் ஆகியவற்றுக்கான கருவிகளே அதில் அடங்கும். அப்படியென்றால் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணும் ஊழியரின் வாக்கி-டாக்கி அடங்குமா? வழக்கறிஞரிடம் கேட்டுக் காசு செலவழிப்பதைவிட வேறு பிராண்டு வாங்குவது சுலபம். வெளிநாட்டு விநியோகிப்பாளர் விற்பனையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்த அடி உரிமம் வழியாக வந்தது. இங்கே சிரிம் முத்திரை இருப்பதுபோல், அமெரிக்காவில் வானலைக் கருவிகளுக்கு எஃப்.சி.சி. எனும் தொடர்பு ஆணையத்தின் அனுமதி தேவை. அந்த ஆணையம் 2021 மார்ச்சில் அதே ஐந்து நிறுவனங்களையும் அபாயப் பட்டியலில் சேர்த்தது. 2022 நவம்பரில் புதிய மாடல்களுக்கான அனுமதியை நிறுத்தியது. ஹைடெரா, ஹிக்விஷன், டாஹுவா மூன்றுக்கும், மேலே சொன்ன பாதுகாப்புப் பயன்பாடுகளுக்கு விற்க மாட்டோம் என்று உறுதிசெய்யும் திட்டத்தை ஆணையம் ஏற்கும்வரை கதவு மூடியே இருக்கும். ஏற்கெனவே அனுமதி பெற்ற மாடல்களை அந்த உத்தரவு தொடவில்லை. ஹிக்விஷனும் டாஹுவாவும் வழக்குத் தொடுத்தன. தடை செல்லும் என்ற வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘முக்கியக் கட்டமைப்பு’ என்பதற்கு ஆணையம் கொடுத்த விளக்கம் அளவுக்கு மீறி விரிந்திருப்பதாக 2024 ஏப்ரலில் கூறியது.

அண்டை நாட்டிலும் அதிர்வு

கனடாவில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே கூட்டரசுப் போலீஸ் 2021இல் சின்க்ளேர் டெக்னோலஜிஸ் என்ற உள்ளூர் நிறுவனத்திடம் அலைவரிசை வடிகட்டிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 5 லட்சத்து 50 ஆயிரம் கனடிய டாலர். சின்க்ளேரின் தாய் நிறுவனமான நோர்சாட்டை 2017இல் ஹைடெரா வாங்கியிருந்தது. 2022 டிசம்பரில் செய்தி வெளியானதும் ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. பொருள் கனடியப் பெயரில் வந்தாலும் உரிமையாளர் யார் என்பதே கேள்வியானது.

வாக்கி-டாக்கியில் அப்படி என்ன ஆபத்து? இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பழைய முறையில் பெரிதாக ஒன்றுமில்லை. இன்றைய போலீஸ், தீயணைப்புத் தொடர்புகள் கோபுரம், சர்வர், மென்பொருள், மறைகுறியாக்கச் சாவி என ஒரு முழு வலையமைப்பு. மென்பொருளைப் புதுப்பிக்கும் கை தயாரிப்பாளருடையது. அந்தத் தயாரிப்பாளரை, தேசிய உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் எனும் 2017ஆம் ஆண்டுச் சீனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அச்சத்தின் வேர் இதுதான். தன்னால் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்பது ஹைடெராவின் வாதம். 889ஆவது பிரிவும் எந்தக் கருவியிலும் இன்ன ஓட்டை இருப்பதாகச் சொல்லவில்லை; பெயரை மட்டுமே சொல்கிறது.

பினாங்குத் தொடர்பு

இதையும் மோட்டோரோலா வழக்கையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த வழக்கின் தொடக்கம் நம் பினாங்கில். மோட்டோரோலாவின் பினாங்குக் கிளையில் வேலை செய்த பொறியாளர்கள் 2008இல் ஹைடெராவுக்கு மாறினர். போகும்போது ஆயிரக்கணக்கான இரகசிய ஆவணங்களையும் மென்பொருள் மூலநிரலையும் கொண்டு சென்றனர் என்பது வழக்கு. 2020 பிப்ரவரியில் சிகாகோ ஜூரி 76 கோடியே 46 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. பின்னர் தொகை குறைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஹைடெராவின் அமெரிக்கக் கிளைகள் திவால் பாதுகாப்பு கோரின. 2025 ஜனவரியில், தனியாக நடந்த குற்றவியல் வழக்கில் ஹைடெரா குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அது தொழில் இரகசியத் திருட்டு. உளவு வேலை அல்ல. ஆனால் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தால் வாங்குபவர் பிரித்துப் பார்ப்பதில்லை. போட்டி நிறுவனம் அமெரிக்க நிறுவனமாக இருப்பதால், பாதுகாப்பு என்ற பெயரில் வணிகத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எளிதில் ஓயாது.

மலேசியாவில் இப்படிப் பெயர் குறிப்பிட்டுத் தடுக்கும் சட்டம் இல்லை. இரண்டாவது 5ஜி கட்டமைப்பை அமைக்கும் யு மொபைல், ஹுவாவெய், இசட்.டி.இ இரண்டோடும் கைகோத்திருக்கிறது. உள்ளூரில் மட்டும் தொழில் செய்யும் காவல் நிறுவனமோ செம்பனைத் தோட்ட நிர்வாகமோ 889ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சிரிம் சான்று இருக்கிறதா, பயன்படுத்தும் அலைவரிசைக்கு அனுமதி உண்டா என்று பார்த்தால் போதும்.

அமெரிக்க அரசாங்கத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்பவர்களின் நிலை வேறு. தூதரகத்துக்குத் துப்புரவு அல்லது காவல் சேவை வழங்க விண்ணப்பிக்கும் ஒரு நிறுவனம், அலமாரியில் கிடக்கும் பழைய வாக்கி-டாக்கிகளையும் கேமராக்களையும் எடுத்துப் பெயர் பார்த்த பிறகே அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.