மேகம் தங்கும் மலை

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக்கும் கிளந்தானும் வந்து தொடும் இடத்தில் எங்கள் மலை இருக்கிறது. 1885ஆம் ஆண்டு நில அளவைக்காக இப்பகுதிக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. அவருக்கு நெடுங்காலம் முன்பே செமாய் பூர்வக்குடியினர் இக்காடுகளில் வாழ்ந்து வந்தனர், இன்றும் வாழ்கின்றனர்.

தாப்பாவிலிருந்து மேலேறும் பழைய சாலை முழுவதும் வளைவுகள்தாம். முதன்முறை வருவோருக்கு வயிற்றைப் புரட்டும். ஆனாலும், வண்டியின் சன்னலைத் திறந்து வைத்தால் காற்றுக் குளிர்ந்துகொண்டே வருவதை உணரலாம். உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு 6 பாகை செல்சியஸ் என வெப்பம் இறங்குகிறது. தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியில் மின்விசிறி இல்லாமல் உறங்க முடியாத நாளிலும் இங்குப் போர்வை தேவைப்படும்.

இந்தக் குளிரும், ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும், நீர் தேங்காத சரிவும் தேயிலைக்கு ஏற்றவை. 1929ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் காட்டைத் திருத்தினர், செடி நட்டனர், கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றும் சரிவுகளைக் கண்டு வியக்கிறோம். அது இயற்கை மட்டும் செய்த அழகு அன்று. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது உழைக்கும் கைகளே.

மனிதக் கை படாத அழகைக் காண, பிரிஞ்சாங் மலையின் உச்சிப் பகுதிக்குச் செல்ல வேண்டும். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமுள்ள அங்குதான் பாசிக்காடு உள்ளது. என்னைக் கேட்டால், தேயிலைச் சரிவைவிட இதுவே எங்கள் மலையின் பெருஞ்செல்வம். இங்கு மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. மண் மெல்லியது, புளிப்புத் தன்மை மிக்கது, எப்போதும் ஈரமானது. குளிர்காற்று வேறு ஓயாமல் வீசும். ஆகவே, மரங்கள் குட்டையாகவும் முறுக்கியும் நிற்கின்றன. அடிமரம், கிளை, வேர் எங்கும் பாசி போர்த்தியிருக்கிறது. இடையிடையே குடுவைத் தாவரங்கள் தொங்குகின்றன. மண்ணில் கிடைக்காத சத்தைப் பூச்சிகளைச் செரித்துப் பெற்றுக்கொள்பவை அவை.

மேகம் இக்காட்டின் ஊடே தவழும்போது அதிலுள்ள நுண்துளிகள் இலைகளிலும் பாசியிலும் படிகின்றன. மழை பெய்யாத நாளிலும் காடு சொட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். பாசி, பஞ்சுபோல் அந்நீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. கீழே ஓடும் ஓடைகள் வறண்ட நாள்களிலும் வற்றாமல் இருக்க இது துணைபுரிகிறது. பாசியின்மேல் கால் வைத்து மிதித்தால், அது மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும். நடைபாதைப் பலகையை விட்டு இறங்க வேண்டாம் என்று கூறுவது அதனால்தான்.

இப்போது நிலைமை எவ்வாறு உள்ளது? காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகள் வெட்டப்படுகின்றன. அவற்றின்மேல் நெகிழிக் கூரைகள் போடப்படுகின்றன. கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. வெட்டவெளியான மண்ணை அரித்துக்கொண்டு ஆற்றுக்கு விரைகிறது. அந்த மண், பெர்த்தாம் ஆற்றின் வழியாக ரிங்லெட் ஏரியை அடைகிறது. 1963ஆம் ஆண்டு முதல் மின்னுற்பத்திக்காக நீரைத் தேக்கும் ஏரி இது. வண்டல் படியப் படிய நீர் கொள்ளும் இடம் சுருங்குகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் கனமழையால் ஏரி நிரம்பி, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது, வீடுகள் சேதமடைந்தன, உயிர்களும் பலியாயின.

ஏரியில் சேரும் வண்டலை இயந்திரங்களைக் கொண்டு அள்ளுகின்றனர். மலைச்சரிவில் புல்லும் மரமும் மூடியிருக்கும் இடங்களிலிருந்து வரும் ஓடை தெளிவாகவே ஓடுகிறது. மழை நின்ற பிறகு, அத்தகைய ஓடையையும் வெட்டிய சரிவின் அடியில் ஓடும் செந்நிற ஓடையையும் ஒரே நாளில் பார்க்கலாம்.